தேனுக்கு எழுத்து, நகைக்குப் படம்: ஆன்லைன் கடை போடும் குமரி மாவட்டக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஆன்லைன் கடை போடலாம் என்று முடிவெடுத்ததும் நம்மூர் வியாபாரிகள் முதலில் தேடுவது டிசைனரைத்தான். மார்த்தாண்டத்தில் தேன் விற்பவர், நாகர்கோவிலில் ஏத்தங்காய் சிப்ஸ் போடுபவர், வடசேரியில் கோயில் நகை செய்பவர் என்று யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சைட் பார்க்க எப்படி இருக்கும்?" அதில் என்ன எழுதப் போகிறோம் என்ற பேச்சு, பாதிப் பணம் கொடுத்து முடித்தபின் டிசைனர் "மேட்டர் அனுப்புங்க" என்று கேட்கும்போதுதான் வருகிறது. அப்போது அவசரமாக நாலு வரி எழுதி அனுப்புவோம். "பாரம்பரியச் சுவை, தரமே எங்கள் தாரக மந்திரம்." முடிந்தது மேட்டர்.

கையில் ஐம்பதாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தோற்றத்தில் போடுவதா, உள்ளடக்கத்தில் போடுவதா? நல்ல டிசைன் செய்துவிட்டு எழுத்தைப் பிறகு நிரப்புவது ஒரு வழி. எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு எளிமையான ஒரு பக்கத்தில் ஏற்றுவது இன்னொரு வழி. கடையே வேண்டாம், வாட்ஸ்அப்பில் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம் என்பது மூன்றாவது. எது சரி என்பது நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்பதே என் கட்சி. வாங்குகிறவர் கண்ணால் பார்த்தே முடிவுசெய்யும் பொருள் உண்டு. எத்தனை முறை பார்த்தாலும் ஒன்றும் தெரியாத பொருளும் உண்டு. இரண்டுக்கும் ஒரே மாதிரி செலவு செய்வதில்தான் பணம் வீணாகிறது.

தோற்றம் முதலில் என்றால்

தோற்றம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு இணையப் பக்கம் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற அபிப்பிராயம் 50 மில்லி விநாடியிலேயே மனதில் விழுந்துவிடுகிறது என்பது அதன் முடிவு. கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. முகம் தெரியாத கடை, முன்பணம் கேட்கும் கடை, அதுவும் கோணல்மாணலாக இருந்தால் ஏமாற்றுக் கடையோ என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். நீங்கள் எவ்வளவு நல்ல விஷயம் எழுதியிருந்தாலும் படிக்க அவர் நிற்க மாட்டார்.

ஆனால் அந்த ஆய்வு வாசல்வரைக்கும்தான் பேசுகிறது. உள்ளே வந்தவர் ஒரு பாட்டில் தேனுக்குப் பணம் கட்டுவாரா என்பது வேறு கணக்கு.

ஆன்லைன் கடை போட உதவும் ஷாப்பிஃபையிலும் வூகாமர்ஸிலும் கிடைக்கும் ரெடிமேட் தீம்களின், அதாவது தயார்நிலை டிசைன்களின், மாதிரிப் பக்கங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கவனித்துப் பாருங்கள்: அதில் உள்ள படங்கள் எல்லாம் ஸ்டூடியோ வெளிச்சத்தில், ஒரே பின்னணியில், ஒரே அளவில் எடுத்தவை. பொருளின் பெயர் இரண்டே ஆங்கிலச் சொல். விவரம் ஒன்றரை வரி. அந்தப் படங்களை எடுத்துவிட்டு, கடை மேசையில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த நம் படங்களையும் "ஏத்தங்காய் சிப்ஸ், தேங்காய் எண்ணெயில் பொரித்தது, அரைக் கிலோ" என்ற பெயரையும் ஏற்றினால் தீமின் அழகு அங்கேயே போய்விடும். பெயர் மூன்று வரியாக மடங்கும், விலை கீழே தள்ளப்படும், ஒரு கட்டம் உயரமாகவும் பக்கத்துக் கட்டம் குட்டையாகவும் நிற்கும். நீங்கள் விலை கொடுத்து வாங்கியது அந்த மாதிரிப் படங்களின் அழகை. தீமின் அழகு என்று நினைத்தது பெரும்பாலும் அதுதான்.

தமிழில் கடை வைத்தால் இன்னும் கொஞ்சம் சிக்கல். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் அதிகம் வேண்டும். ஆங்கிலத்துக்கென்று வைத்த வரி இடைவெளியில் மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவைப்போல 1.6 மடங்காவது வரி உயரம் வைக்கச் சொல்லுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை என்று இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன. பொத்தானில் வரும் தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அதனால் பொத்தானின் அகலத்தையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த மேட்டரை அப்படியே எடுத்து சைட்டில் ஒட்டினால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். முதலில் எல்லா ஃபோனிலும் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கு இலவசக் கருவிகள் உண்டு, ஐந்து நிமிட வேலை.

ஃபிளெக்ஸ் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று நம் மாவட்டத்தில் சீசன் மூன்று. ஒவ்வொன்றுக்கும் போஸ்டர் அடிக்கிறோம். அந்த போஸ்டரையே ஒரு படமாக முகப்பில் மாட்டிவிடுகிறார்கள்; பொருளின் பெயர், விலை, ஆஃபர், ஃபோன் நம்பர் எல்லாம் படத்துக்குள்ளேயே. பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் ஃபோன் திரையில் எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கு அங்கே ஒரு படம் இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தேடலில் வருவதற்கும் பக்கத்தில் எழுத்தாக இருக்கும் எழுத்துதான் உதவும். விலை பத்து ரூபாய் ஏறினால் மறுபடி டிசைனரைக் கூப்பிட வேண்டும். இது அழகும் இல்லை, உள்ளடக்கமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் விழுந்த வேலை.

வேகத்தையும் தோற்றத்தின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். பக்கத்தின் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ இரண்டரை விநாடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். ஃபோனில் எடுத்த படம் நாலைந்து எம்பி இருக்கும். அதை அப்படியே ஐந்து படம் ஓடும் ஸ்லைடரில் போட்டால், வாங்க வருபவர் சுற்றும் வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வெப்பி (WebP) என்ற, அளவு குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி இருநூறு கேபிக்குள் சுருக்கினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

தேன், சிப்ஸ் போன்றவற்றுக்கு எழுத்துதான் கடை

தேனை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் தேன் பாட்டில் படம் பத்தை அடுத்தடுத்து வையுங்கள். எல்லாம் பொன்னிறம், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு மரக் கரண்டி. எது மார்த்தாண்டம் தேன், எது சர்க்கரைப் பாகு என்று உங்களாலேயே சொல்ல முடியாது. டிரோன் வைத்து மலையைப் படம் எடுத்து முகப்பில் ஓடவிட்டாலும் அந்தச் சந்தேகம் தீராது. தெரிந்த பெரியவர் ஒருவர், "மக்கா, தேனுக்கு எதுக்கு இவ்வளவு கதை? நாக்குல வச்சா தெரியாதா?" என்று கேட்டார். நேரில் வருபவருக்குச் சரி. சென்னையிலோ துபாயிலோ இருந்து ஆர்டர் போடுபவர் நாக்கில் வைக்க முடியாதே, பெரியவரே.

அவருக்குச் சொல்ல நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது. நம் மாவட்டத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டங்களிலிருந்து வருவது. ரப்பர் மரம் இலையுதிர்த்துவிட்டு ஜனவரி முதல் மார்ச் வரை துளிர்க்கும்போது, இளம் இலைகளின் காம்பில் தேன் சுரக்கிறது, பூவில் அல்ல. இதைக் கேட்டால் வெளியூர்க்காரர் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள், ஆனால் படிப்பார்கள். மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்எம்சிஏ கிராம மையம் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தது. 1937இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் வந்து இந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்துவிட்டுப் போனது. அப்புறம் மெதுவாக மீண்டு வந்தோம். "பாரம்பரியம்" என்று ஒரு சொல்லைப் போடுவதற்குப் பதில் இந்த மூன்று வரியைப் போடலாம்.

அதைவிட முக்கியம், புகாரைத் தடுக்கும் விவரங்கள். தேன் உறையும். குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் சீக்கிரமே உறையும். டிசம்பரில் பெங்களூருக்குப் போன பாட்டில் அடியில் கட்டிதட்டினால் வாங்கியவர் "சர்க்கரை கலந்திருக்கிறீர்கள்" என்றுதான் எழுதுவார். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும் என்று பக்கத்தில் முதலிலேயே எழுதியிருந்தால் அந்தச் சண்டை இல்லை. அடுத்தது அளவு. தேன் தண்ணீரைவிட அடர்த்தி. அரைக் கிலோ தேன் கிட்டத்தட்ட 350 மில்லிதான் வரும். படத்தில் பாட்டில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் கையில் வாங்கும்போது "குறைத்துவிட்டார்கள்" என்று தோன்றும். இங்கே எழுத்தும் படமும் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும்: எடையும் கொள்ளளவும் எழுத்தில், பாட்டிலைக் கையில் பிடித்த ஒரு படம் பக்கத்தில். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரப்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. உங்கள் தேனைப் பரிசோதித்திருந்தால் அந்த எண்ணையே எழுதுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதையும் தயங்காமல் போடுங்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் இன்னும் இருப்பதால் சில வீட்டில் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

எழுத்து முதலில் என்று போகிறவர்களும் ஒரு பள்ளத்தில் விழுவதுண்டு. இணையத்தில் கிடைக்கும் "தேனின் நாற்பது மருத்துவப் பயன்கள்" போன்றவற்றை எடுத்து ஒட்டிவிடுவார்கள். யாரும் படிப்பதில்லை என்பது ஒருபக்கம். இந்த நோயைக் குணமாக்கும், அந்த நோயைத் தீர்க்கும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்வதை 2018ஆம் ஆண்டின் உணவு விளம்பர ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன என்பது இன்னொரு பக்கம். நிறைய எழுதுவது வேறு, வேண்டியதை எழுதுவது வேறு. முதல் திரையில் பெயர், எடை, விலை, எந்த சீசன் தேன், எப்போது வந்து சேரும், மீதியெல்லாம் கீழே. இப்படி வரிசைப்படுத்துவதே டிசைன்தான், அதற்குக் காசு கொடுத்தால் தகும்.

சிப்ஸுக்கும் கதை இதேதான். தேங்காய் எண்ணெயா வேறு எண்ணெயா, எத்தனை நாள் தாங்கும், உப்பு எவ்வளவு. நாம் ஏத்தங்காய் என்போம், வெளியூரில் நேந்திரங்காய் என்று தேடுவார்கள். இரண்டு பெயரும் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் சிப்ஸில் உண்மையான வில்லன் தபால் செலவு. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து வரும் கிலோவையும் பார்க்கிறார்கள். எது அதிகமோ அதற்குத்தான் பில். 30, 25, 20 அளவுள்ள பெட்டி என்றால் மூன்று கிலோ. உள்ளே சிப்ஸ் ஒரு கிலோதான் இருக்கும். இந்தச் செலவு கடைசிப் பக்கத்தில் திடீரென்று எட்டிப் பார்த்தால் ஆள் ஓடிவிடுவார். ஆன்லைன் கடைகளில் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போவது சுமார் 70 சதவீதம் என்றும், அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதலிடம் கூடுதல் செலவுகளுக்கு என்றும் டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனம் தொடர்ந்து கணக்கிட்டு வருகிறது. "தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, வெளி மாநிலத்துக்கு இவ்வளவு" என்ற ஒரு வரி பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எந்த முகப்புப் படத்தைவிடவும் அதிக விற்பனையைக் காப்பாற்றும் வரி அது.

நகை என்றால் தலைகீழ்

வடசேரிக் கோயில் நகைக்கு மேலே சொன்னதெல்லாம் பாதிதான் பொருந்தும். பரதநாட்டியம் ஆடுபவரோ மணப்பெண்ணோ நெற்றிச்சுட்டியையும் ஒட்டியாணத்தையும் பார்த்துத்தான் வாங்குவார். கெம்புக் கல்லின் சிவப்பு, தகட்டின் மினுக்கம், கல் பதித்த வேலையின் நெருக்கம் இவற்றை எந்த எழுத்தும் சொல்லாது. இங்கே ஐம்பதாயிரத்தில் பெரும்பகுதி படத்துக்கே போகட்டும். முன்பக்கம், பின்பக்கம், கொக்கி, பக்கவாட்டு, ஒருவர் அணிந்த நிலை என்று ஒரு நகைக்கு ஐந்து படமாவது வேண்டும். பின்பக்கத்தைக் காட்டத் தயங்குகிற கடையை நான் நம்ப மாட்டேன். வாங்குபவரும் நம்ப மாட்டார்.

பக்கத்தின் பின்னணி வெள்ளையாகவோ மங்கலாகவோ இருக்கட்டும். கோயில் நகை என்பதால் கோபுரம், தாமரை, மெரூன் பட்டுத் துணி என்று டிசைனர் அடுக்கினால் கல்லின் நிறம் அமுங்கிப் போகும். டிசைனருக்கு இந்தக் கடையில் வேலை பெரிய வேலை, ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேலை.

எழுத்து குறைவாக இருக்கலாம், ஆனால் விடக் கூடாதவை உண்டு. வெள்ளியில் தங்கத் தகடு போட்டதா, செம்பா; கிராமில் எடை; சென்டிமீட்டரில் நீளம்; ஒட்டியாணம் என்றால் எந்த இடுப்பளவிலிருந்து எந்த அளவுவரை; செய்து கொடுக்க எத்தனை நாள். இது ஒரு அட்டவணையில் அடங்கிவிடும். நாட்டியப் பள்ளிகள் அரங்கேற்றத்துக்கு முன்னால் மொத்தமாக வாங்கும் என்பதால் நாள் கணக்கு அவர்களுக்கு உயிர்.

கிராம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பொருள். மாறாமலைப் பக்கத்துக் கிராம்பின் தரத்தை, மொட்டு உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தே பாதி சொல்லிவிடலாம். நெருக்கத்தில் எடுத்த ஒரு நல்ல படமும், எந்த ஆண்டு அறுவடை என்ற ஒரு வரியும் போதும்.

எதை விற்றாலும் விட முடியாத எழுத்து

டிசைனர் கேட்காத, சட்டம் கேட்கும் விவரங்கள் சில இருக்கின்றன. பொட்டலமிட்ட பொருள் என்றால் தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயர், முகவரி, நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, வாடிக்கையாளர் தொடர்பு விவரம் ஆகியவை சைட்டிலும் தெரிய வேண்டும். லேபிளில் மட்டும் இருந்தால் போதாது. உணவென்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், திரும்பப் பெறுதல், பணம் திருப்பித் தருதல் பற்றிய விவரத்தையும் குறைதீர்க்கும் அலுவலரின் பெயரையும் கேட்கின்றன. வந்த புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதற்கெல்லாம் தீமில் இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். வெளிநாட்டு தீம்களில் அநேகமாக இருக்காது, கடைசியில் அடிக்குறிப்பில் திணிப்பார்கள்.

புவிசார் குறியீடு பற்றியும் ஒரு எச்சரிக்கை. கன்னியாகுமரி கிராம்பு 2021இல் பெற்றது. மட்டி வாழைப்பழமும் மார்த்தாண்டம் தேனும் 2023இல். நாகர்கோவில் கோயில் நகைக்கு அதற்கும் வெகு முன்பே கிடைத்துவிட்டது. உடனே அந்த முத்திரையை முகப்பில் பெரிதாகப் போட்டுவிடலாம் என்று டிசைனர் சொல்வார். மாவட்டத்துக்காரர் என்பதாலேயே அந்த உரிமை வந்துவிடாது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவர்தான் அதைப் பயன்படுத்தலாம். பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. முதலில் பதிவு, அப்புறம் முத்திரை.

வாட்ஸ்அப்பில் தொடங்கினால் என்ன?

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இதைத்தான். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் 500 பொருள்வரை ஏற்றலாம், காசு கிடையாது. டிசைன் என்று ஒன்றும் செய்ய முடியாது, அதுவே ஒரு நல்லது. படமும் நாலு வரியும் மட்டும் வைத்து விற்க முடிகிறதா என்று தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய லாபம், அங்கே வரும் கேள்விகள். "அண்ணாச்சி, தேங்காண்ணெய்தானா?" "எத்தனை நாள் கெடாம இருக்கும்?" "கண்ணாடி பாட்டிலா, உடையாதா?" "உப்பு கம்மியா கிடைக்குமா?" ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் அதன் பதில் பொருளின் பக்கத்தில் இருக்க வேண்டிய வரி. யாருமே கேட்காதது அங்கே தேவையில்லாத வரி. எழுதத் தெரியாது என்று சொல்பவர்கள், அந்த உரையாடலில் தாங்கள் அனுப்பிய பதில்களையே எடுத்துத் தொகுத்துக்கொள்ளலாம். விளம்பரக்காரர் எழுதித் தருவதைவிட நன்றாக இருக்கும். ஆர்டர் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் பதில் டைப் செய்து விரல் வலிக்க ஆரம்பித்தால் சைட் போடும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, பணத்தை எப்படிப் பிரிப்பது?

தேன், சிப்ஸ், கருப்பட்டி மாதிரிப் பொருள் என்றால் பாதிப் பணத்தைப் படத்துக்கும் விவரத்துக்கும் ஒதுக்குவேன். ஒரு நாள் ஃபோட்டோகிராஃபரைக் கூப்பிட்டு எல்லாப் பொருளையும் ஒரே பின்னணியில் எடுத்துவிடலாம். தேன் பரிசோதனைக் கட்டணமும் இதில்தான் சேரும், ஏனென்றால் அந்த எண்ணும் உள்ளடக்கம்தான். தீமுக்கு இலவசமானதே போதும். மீதியில் ஒரு பகுதியை டிசைனருக்குக் கொடுத்து, எழுத்துரு, வரி இடைவெளி, ஃபோன் திரையில் வரிசை ஆகிய மூன்றை மட்டும் சரிசெய்யச் சொல்வேன். எஞ்சியதை எடுத்து வைப்பேன். ஆறு மாதம் கழித்து வந்த புகார்களைப் பார்த்து மாற்ற அது தேவைப்படும்.

நகை என்றால் முக்கால் பங்கு படத்துக்கும் அந்தப் படத்தைக் காட்டும் பக்கத்துக்கும். இங்கே விலை கொடுத்து தீம் வாங்கினாலும் தப்பில்லை, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி நன்றாக இருக்கிறதா என்று மட்டும் உங்கள் ஃபோனிலேயே இழுத்துப் பாருங்கள்.

எந்தப் பொருளானாலும், டிசைனரிடம் போகும்போது குறைந்தது ஐந்து பொருளின் முழு விவரமும் உண்மையான படமும் கையில் இருக்க வேண்டும். மிக நீளமான பெயர் உள்ளது ஒன்று, அளவு மூன்று நான்கு உள்ளது ஒன்று, ஸ்டாக் தீர்ந்தது ஒன்று அதில் இருக்கட்டும். மாதிரி எழுத்தை நிரப்பிக் காட்டும் டிசைனை ஒப்புக்கொள்ளாதீர்கள், உங்கள் மேட்டரை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: விலையையும் ஸ்டாக்கையும் விவரத்தையும் நீங்களே ஃபோனிலிருந்து மாற்ற வழி வேண்டும். ஓண சீசனில் ஏத்தங்காய் விலை ஏறும்போது டிசைனர் ஃபோனை எடுக்காவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.